அணியத் தட்டு

படகின் முன்பக்கத் தளமான அணியத் தட்டைச் சுத்தியலின் பிடிப்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனேன். ஓரங்களில் 'டக், டக்' என்று கெட்டியாகக் கேட்டது. நங்கூரக் கயிறு கட்டும் இரும்பை நெருங்கியதும் சத்தம் மாறியது. ஈரச் சாக்கில் அடித்தது போல 'தொப்' என்றது. சத்தம் மாறிய இடங்களில் எல்லாம் சோக்கட்டியால் புள்ளி வைத்தேன். புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தபோது, அணியத் தட்டில் பாதிக்கு மேல் கோட்டுக்குள் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அண்ணை ஒன்றும் பேசவில்லை.

முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்யும் 18 அடிப் பைபர் படகு அது. சுனாமிக்குப் பிறகு தென்பக்கம் எங்கேயோ கட்டப்பட்டது. போருக்குப் பிறகு மீள்குடியேறி, கையில் ஒன்றும் இல்லாமல் இருந்த காலத்தில், 2012இல் அண்ணை கடன்பட்டுப் பழையதாக வாங்கினார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு அதுதான் சோறு.

"தம்பி, மேலால ரெண்டு மட் போட்டு மூடிவிடுமன். இந்தச் சோளகம் முடியுமட்டும் தாக்குப்பிடிச்சால் காணும்" என்றார்.

மட் என்பது ரெசின் என்ற பிசினில் நனைத்து ஒட்டும் கண்ணாடிநார் விரிப்பு. சோளகம் தென்மேற்குக் காற்றுக் காலம். அவர் கேட்டதில் பிழையில்லை. மாசி நடுப்பகுதி. இன்னும் கொஞ்ச நாளில் கடல் அடங்கும், எல்லோரும் இறங்குவார்கள். ஆனால் என்னால் ஓம் சொல்ல முடியவில்லை. தொழில் பழகிய நாட்களில் ஒரு பட்டறையில் அப்படித்தான் ஒரு தட்டை மூடிக் கொடுத்தோம். அழுகிய மரத்துக்கு மேல் புதிய மட், அதற்கு மேல் பளபளவென்று பெயின்ட். நானும்தான் ரோலர் உருட்டினேன். ஆறு மாதம் கழித்து, வலை இழுத்துக்கொண்டிருந்தவரின் வலது கால் அந்தத் தட்டுக்குள் இறங்கியது. உடைந்த பைபரின் விளிம்பு கத்தியை விட மோசம். முழங்காலில் இருந்து கணுக்கால் வரை கிழித்துவிட்டது. கரைக்கு வந்து சேர்ந்தார், அது கடவுள் புண்ணியம். இன்றைக்கும் அவரைச் சந்தையில் கண்டால் என் கண் முதலில் அந்தக் காலுக்குத்தான் போகும்.

இதை அண்ணைக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சரி, திறவும்" என்றார்.

பைபர் தட்டு என்று சொல்கிறோமே தவிர, அது மூன்று அடுக்கு. மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவில் பிளைவூட். இரண்டு தோலையும் விலக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் நடுப்பலகையின் வேலை. தட்டின் பலமே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பலகை உக்கிப்போனால் மிஞ்சுவது தனித்தனியாக வளையும் இரண்டு மெல்லிய தகடுகள்.

கிரைண்டரால் கோட்டுக்கு இரண்டு அங்குலம் வெளியே வெட்டி, மேல் தோலைக் கிளப்பினோம். உள்ளே பலகை என்று சொல்ல ஒன்றும் இல்லை. வடித்தெடுத்த தேயிலைச் சக்கை போலக் கறுத்து, கையால் அள்ள வந்தது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தேன். விரலிடுக்கால் மண்ணிறத் தண்ணீர் வடிந்தது. அண்ணை அந்தத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பில்லையே தம்பி."

இந்த வேலையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். எல்லோரும் கடலைக் குறை சொல்வார்கள். மரத்தை அதிகம் உக்க வைப்பது கடல்தண்ணீர் இல்லை, மழைத்தண்ணீர். மரத்தைத் தின்னும் பூஞ்சணத்துக்கு உப்பு ஆகாது. நல்ல தண்ணீர் ஊறி, காற்றும் சூடும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். எங்கள் பக்கம் ஐப்பசியில் இருந்து மார்கழி வரை மழை, வடகிழக்குக் காற்றடிக்கும் வாடைக் கடலில் இறங்கவும் முடியாது. படகு கரையில் ஏறிக் கிடக்கும். அண்ணையின் படகு மட்டமாகவே கிடக்குமாம். அணியத் தட்டின் விளிம்பு உயரமாக இருப்பதால் மழைத்தண்ணீர் அங்கேயே குளமாக நிற்கும். நடுவில் கயிறு கட்டும் இரும்பு, அதற்கு நாலு போல்ட். துளைக்குள் தெரிவது ரெசின் பூசாத பலகையின் வெட்டுவாய். துளி துளியாக வருடக்கணக்கில் குடித்திருக்கிறது.

ஆக, கடலில் ஓடியபோது அழுகவில்லை. ஓய்வெடுத்தபோதுதான் அழுகியிருக்கிறது.

அள்ளிய சக்கை நாலு வாளிக்கு மேல் வந்தது. இவ்வளவு பாரத்தையும் அணியத்தில் சுமந்துகொண்டுதான் அந்தப் படகு ஓடியிருக்கிறது. பாரம் கூடினால் எஞ்சின் கூடக் குடிக்கும். 2022 ஆகஸ்டில் அந்த எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே நாளில் 340 ஆனதை நினைத்துப் பாருங்கள். "எஞ்சின்தான் குடிக்குது எண்டு நினைச்சன்" என்றார் அண்ணை.

அடுத்ததாகப் பலகைக்கு வாக்குவாதம். "வீட்டில பழைய முதிரைப் பலகை கிடக்கு, பிளைவூட் எதுக்கு? முதிரை உக்குமே?" என்று கேட்டார். முதிரை எங்கள் காட்டு வைரமரம்; வன்னியில் பிறந்தவனிடம் அதைக் குறைத்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் எந்தப் பலகையும் மழைக்கு அகலவாட்டில் ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். மேலே ஒட்டிய பைபர் அந்த இழுபறியைத் தாங்காமல் ஒருநாள் விட்டுவிடும். பிளைவூட்டில் அடுக்குக்கு அடுக்கு நார் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் அது அப்படி அசையாது. அதோடு முதிரை பாரமும் கூட. கடைசியில் அவருடைய பலகையில் உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டேன்.

நாலு நாள் காய விட்டோம். சுற்றியிருந்த நல்ல மரத்தின் விளிம்பில் பொலித்தீன் துண்டை டேப்பால் நாலு பக்கமும் ஒட்டிவிட்டு, மத்தியான வெயிலில் பார்ப்பேன். உள்ளே வேர்த்திருந்தால் மரத்தில் இன்னும் ஈரம். மூன்றாம் நாளும் வேர்த்தது. அண்ணைக்குப் பொறுமை போய்விட்டது, எனக்கும்தான். ஈர மரத்தில் ரெசின் பிடிக்காது. பிடித்தது போல இருக்கும், பிறகு தோலாக உரிந்து வரும்.

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். விடியலில் தட்டெல்லாம் நனைந்து கிடக்கும், தொட முடியாது. பத்தரைக்குப் பிறகு வெயிலில் ரெசின் கைக்குள் நிற்காது. ஆகவே ஒன்பதுக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடிக்க வேண்டும். ஒரு கிலோ ரெசினுக்கு, அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் பத்து கிராம் அளவு, அதற்கு மேல் போகவில்லை. கலந்ததை ரின்னிலேயே வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்து கட்டியாகிவிடும். உடனே அகலமான தாம்பாளத்தில் ஊற்றிப் பரப்ப வேண்டும்.

புதிய பிளைவூட்டின் கீழ்ப்பக்கத்துக்கும் நாலு விளிம்புக்கும் முதலில் ரெசின் குடிக்கக் கொடுத்தோம். விளிம்புதான் அதிகம் குடிக்கும், மூன்று தடவை பூசினேன். கீழ்த் தோலின் மேல் ரெசினில் நனைத்த மட் விரித்து, பலகையை வைத்து, மேலே கடற்கரை மண் நிரப்பிய உரப்பைகளை அடுக்கினோம். ஓரங்களில் ரெசின் பிதுங்கி வந்த பிறகுதான் எனக்கு நிம்மதி. அடுத்த நாள் மேல் தோல்: பழைய பைபரைச் சரிவாகத் தேய்த்து, ஒவ்வொரு மட் துண்டையும் முந்தியதை விட அகலமாக வெட்டி, காற்றுக் குமிழ் ஒன்று கூட நிற்காமல் ரோலரால் அழுத்தி. வழுக்காமல் இருக்கக் கடைசி ரெசினில் கழுவிக் காயவைத்த ஆற்றுமணல் தூவினோம்.

இரும்பைப் பூட்ட அண்ணை துளை போடும் மெசினை எடுத்தபோது நான் தடுத்தேன். போல்ட் 8 மில்லிமீற்றர் என்றால் 16இல் துளைத்தேன். அந்தத் துளையை, பைபர் துணுக்கு குழைத்த ரெசினால் நிரப்பி இறுக விட்டேன். இறுகியபின் அதன் நடுவில் 8இல் துளைத்தேன். இனித் தண்ணீர் போல்டோடு இறங்கினாலும் மரத்தைத் தொடாது. கீழே நட்டுக்கு அணையாக, தட்டோடு ஒட்டாமல் தனியாக, அந்த முதிரைத் துண்டை வைத்தேன். அண்ணை குனிந்து பார்த்துவிட்டு அதை விரலால் ஒருமுறை தடவினார்.

ஐப்பசியில் படகை ஏற்றும் நாளில் என்னையும் கூப்பிட்டார். அணியத்துக்குக் கீழே பனங்குற்றி வைத்து உயர்த்தினோம். பின்பக்கத்து அடைப்பைக் கழற்றித் தண்ணீர் போக வழி விட்டோம். பிறகு வீட்டுக்குப் போய், மடித்து வைத்திருந்த நீலத் தறப்பாளைக் கொண்டு வந்தார். இடம்பெயர்ந்த காலத்தில் நாலு பேர் அதற்குக் கீழ்தான் படுத்தார்கள். கிழிந்த மூலையில் அக்கா தைத்த தையல் இன்னும் இருந்தது. அணியத்தை மூடி, அந்த மூலையைக் காற்றுப் படாத பக்கம் திருப்பி இருவரும் கட்டி முடிக்கும்போது தூறத் தொடங்கியது.