மூன்றில் ஒன்று

ஜூன் 2, திங்கள்
ராத்திரி முழுக்க மழை. ரப்பர் பால் வெட்டு இல்லை. ஆஸ்பத்திரியில் 23 என்று தேதி கொடுத்துவிட்டார்கள்.

ஜூன் 4, புதன்
நாகர்கோவில் போய் வக்கீலம்மாவைப் பார்த்தேன். விவாகரத்து கேட்கப் போய் வேறொரு பயத்தோடு திரும்பினேன். இரண்டு பேரும் சம்மதித்தாலும் கிறிஸ்தவர்களுக்கான 1869 சட்டத்தில், இரண்டு வருடம் பிரிந்திருந்தால்தான் மனு போடலாம் என்று இருக்கிறது. போட்டபின் இன்னும் ஆறு மாதம். இந்துக்களுக்கு ஒரு வருடப் பிரிவு போதும். களியக்காவிளை தாண்டினால் கேரளம், அங்கே ஹைகோர்ட் 2010-லேயே நமக்கும் ஒரு வருடம் என்று குறைத்தது, 2022-இல் அதையும் செல்லாது என்று எடுத்துவிட்டது. பஸ்ஸில் அரை மணி நேர தூரம்!

“அதுவரை நீங்க அவருக்கு மனைவிதான். உயில் எழுதாம உங்களுக்கு ஏதாவது ஆனா மூன்றில் ஒரு பங்கு அவருக்கு, மீதி பிள்ளைக்கு” என்றார். தனித்தனி வீடு, பேச்சுவார்த்தை இல்லை, இதெல்லாம் கணக்கில் வராதாம்.

ஜூன் 5, வியாழன்
பதினொரு சென்டில் மூன்றில் ஒன்று எந்தப் பக்கம் விழும்? கிணறு இருக்கிற பக்கமா, பலா நிற்கிற பக்கமா?

ஜூன் 9, திங்கள்
அம்மாவிடம் சொன்னேன். “என் சம்பளத்துல வாங்கின விளை மக்கா அது” என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தாத்தா சொத்தில் ஒரு பிடி மண் வரவில்லை. பழைய திருவிதாங்கூர்ச் சட்டம், கொல்லம் ஆண்டு 1092, அதாவது 1916: மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு அல்லது ஐயாயிரம் ரூபாய், எது குறைவோ அது மகளுக்கு. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. மேரி ராய் என்கிற கேரளப் பெண் போட்ட வழக்கில் 1986-இல் சுப்ரீம் கோர்ட், 1951-லிருந்தே அந்தச் சட்டம் செல்லாது, மகளுக்கும் சம பங்குதான் என்று சொன்னது. அம்மா கேட்கவில்லை. மாமாமார் பேசாமல் போய்விடுவார்களே என்று பயம். அவர்கள் எப்படியும் பேசாமல்தான் போனார்கள்.

ஜூன் 11, புதன்
அவர் போன் செய்தார். பிள்ளையின் ஸ்கூல் பீஸ் பற்றி. குரல் கட்டியிருந்தது. என்னவென்று கேட்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு
கோயிலுக்குப் போகவில்லை. உட்கார்ந்து உயில் எழுதினேன். முத்திரைத் தாள் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள், பிறகு கையெழுத்து உங்களுடையதில்லை என்று யாரும் லேசில் கிளப்ப முடியாது என்றார் வக்கீலம்மா. வீடு முழுவதும் பிள்ளைக்கு. அவளுக்குப் பதினெட்டு முடியும்வரை அண்ணன் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் சட்டத்தில் கணவனுக்கு இவ்வளவாவது விட்டே ஆக வேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை. இதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவருக்கே சலித்திருக்கும்.

வளையல் இரண்டும் அண்ணிக்கு என்று எழுதி, சாட்சிக்கு அண்ணனைப் போடலாம் என்றிருந்தேன். கூடாதாம். சாட்சி போடுகிறவருக்கோ அவர் மனைவிக்கோ எழுதியது செல்லாது. உயில் நிற்கும், வளையல் போய்விடும். அண்ணியிடம் சொன்னபோது, “அப்போ உங்க அண்ணன் கையெழுத்தே போட வேண்டாம்” என்று சிரித்தாள். இந்த வாரத்தில் இந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு.

ஜூன் 17, செவ்வாய்
பக்கத்து வீட்டு ரிட்டயர்டு சாரும் அவர் மனைவியும் சாட்சி. அவர் கண்ணாடியைத் தேடியதில் கால் மணி நேரம்.

விவாகரத்து ஆனாலும் உயில் நிற்கும். மறுபடி கல்யாணம் செய்தால்தான் தானாக ரத்தாகும். நல்ல சட்டம். ஆளை விடுங்கள்.

ஜூன் 19, வியாழன்
தூக்கம் வராமல் பீரோவைக் குடைந்தபோது எல்ஐசி பாலிசி கிடைத்தது. நாமினி அவர். கல்யாணமான வருடம் போட்டது. உயிலில் பிள்ளைக்கு என்று எழுதினாலும் பணம் அவருக்கா? 2015-இல் சட்டம் மாறியபின், கணவனோ மனைவியோ நாமினியாக இருந்தால் பணம் அவருக்கே சொந்தமாம். முன்பு நாமினி என்றால் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் கொடுக்கிற கைதான். பாங்க் கணக்கு? பிஎப்? எல்லாவற்றிலும் அந்தப் பெயர்தான், என் கையாலேயே எழுதியது.

ஜூன் 20, வெள்ளி
எல்ஐசியில் நாமினி மாற்றும் படிவம் கொடுத்தேன். பாலிசியில் பதிந்து தர வேண்டும். திங்கள் வாருங்கள் என்றார் அந்தப் பையன். திங்கள் 23.

ஜூன் 21, சனி
திங்கள் அண்ணன் போய் வாங்கிக்கொள்வான். பிஎப் இன்னும் பாக்கி.