மசினகுடி: யானையைத் திரும்பிப் பார்க்க வைக்க ஐந்நூறு ரூபாய்

ஊருக்கு வந்து இன்னும் பையைக்கூடப் பிரிக்கவில்லை. அந்த ஜீப் டிரைவர் மேல் இருக்கும் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாகச் சொல்வதாகத்தான் இருந்தேன். அதெல்லாம் பின்னால் வரும். முதலில் அந்த யானை.

சனிக்கிழமை சாயங்காலம், நீலகிரியில் முதுமலைக் காட்டை ஒட்டியிருக்கும் மசினகுடியிலிருந்து வாழைத்தோட்டம் போகிற சாலை. நானும், எட்டாவது படிக்கும் என் அண்ணன் மகன் கதிரும். ஒன்றரை மணி நேரத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் என்று பேசி ஏறியிருந்தோம். ஒரு வளைவு தாண்டியதும் சாலையோரமாக ஒரு கொம்பன் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. துதிக்கையால் புல்லைக் கொத்தாகப் பிடுங்கும். முன்னங்காலில் நாலு தட்டுத் தட்டி வேரில் ஒட்டியிருக்கும் மண்ணை உதறும். அப்புறம்தான் வாய்க்குள் போகும். பிடுங்கு, தட்டு, தின்னு. அந்தத் தாளம் மாறவே இல்லை. அதை மட்டும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னாலும் இருந்திருப்பேன்.

எங்கள் டிரைவருக்கு அது போதவில்லை. "இப்பப் பாருங்க மேடம், திரும்பும்" என்று சொல்லி, நின்ற வண்டியிலேயே ஆக்ஸிலேட்டரை உறுமவிட்டார். தாளம் அறுந்தது. வாயில் பாதி, வெளியே பாதியாகப் புல் தொங்க, யானை அப்படியே நின்றது. இரண்டு காதும் விரிந்தன. துதிக்கையின் நுனி வளைந்து எங்கள் பக்கம் மோப்பம் பிடித்தது. ஒரு முன்னங்கால் தரையைத் தொடாமல் முன்னும் பின்னும் ஆடியது. கதிர் என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணும் பண்ணாது, நம்ம பையன்தான்" என்றார் டிரைவர். எங்களுக்கு முன்னால் நின்ற ஜீப்பிலிருந்து யாரோ ஒரு சீப்பு வாழைப்பழத்தை எறிந்தார்கள். யானை அதை நோக்கி நான்கு எட்டு வேகமாக வைத்தது. இரண்டு ஜீப்பும் அலறியடித்துக்கொண்டு பின்னால் வந்தன. முன் ஜீப்பில் இருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

இறங்கும்போது ஐந்நூறு ரூபாய் சேர்த்துக் கேட்டார். ஏன் என்றால், "இவ்வளவு பக்கத்துல யானை காட்டியிருக்கேனே" என்கிறார். ராத்திரி வந்தால் சிறுத்தையும் காட்டுகிறாராம், அதற்கு மூவாயிரம். இரண்டு நாளுக்கு ஆறாயிரம் என்று கணக்குப் போட்டுக் கிளம்பியவள் நான். ஐந்நூறைக் கொடுக்கவில்லை. கொடுத்த இரண்டாயிரத்துக்கும் இன்றுவரை வயிறு எரிகிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல். சரணாலயத்தில் விலங்கைச் சீண்டுவதும் குப்பை போடுவதும் அந்தச் சட்டப்படி தடை. பக்கத்தில் பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் சாலையையே 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை விலங்குகளுக்காக மூடிவைக்கிறார்கள். இங்கே டார்ச் லைட்டோடு 'நைட் சஃபாரி' பேரம் நடக்கிறது. போகாதீர்கள். யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

சரி, போன வழி. ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதை, 36 கொண்டை ஊசி வளைவு. கூடலூர் சுற்றிப் போனால் இதைப்போல இரண்டு மடங்கு தூரம். பேருந்தில் இடம் கிடைக்காமல் மசினகுடிவரை நின்றே வந்தோம். ஒவ்வொரு வளைவிலும் யாரோ ஒருவர் மேல் சாய்ந்தோம். பத்தாவது வளைவில் கதிர் வாந்தி எடுத்தான். ஜன்னலோரம் இருந்த ஒரு பாட்டி மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தார். அறை தொள்ளாயிரம் ரூபாய், சுத்தமாக இருந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

சாப்பாட்டைச் சொல்லாமல் விடமுடியாது. கடைத்தெருவில் நாலு பெஞ்சு போட்ட ஒரு மெஸ். தொண்ணூறு ரூபாய்க்குச் சாப்பாடு. ஆவி பறக்கும் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, மிளகு தூக்கலாக ஒரு ரசம், அன்றைக்குக் காலையில் தோட்டத்திலிருந்து வந்தது என்று தின்னும்போதே தெரிகிற கேரட் பொரியல். பரிமாறிய அக்கா கதிரைப் பார்த்து, "வாந்தி எடுத்த முகமா இருக்கே, ரசம் குடி கண்ணு" என்று டம்ளரில் தனியாக ஊற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஜீப்புக்குப் போன இரண்டாயிரத்தில் இந்த மெஸ்ஸில் இருபத்திரண்டு முறை சாப்பிட்டிருக்கலாம்.

ஞாயிறு மதியம் தெப்பக்காட்டில், முதுமலைக் காட்டுக்குள் கூட்டிப்போகும் வனத்துறை வேன். ஒரு ஆளுக்கான சீட்டு, ஜீப்புக்குக் கொடுத்ததோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. எங்கள் வேனில் ஒரு பெரிய குடும்பம். ஏறியதிலிருந்து "புலி எங்கே, புலி எங்கே" என்றுதான் பேச்சு. வழியில் ஒரு மரத்தில் மந்திக் கூட்டம். அவை தின்றதுபோக உதிர்த்த இலைகளைக் கீழே புள்ளிமான்கள் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன. புலியோ சிறுத்தையோ வந்தால் மேலே இருக்கும் மந்தி முதலில் கத்தும், அந்தக் குரல் மானுக்கும் காவல். மலை அணில் ஒன்று கிளைக்குக் கிளை தாவியது, வால் மட்டுமே ஒரு முழத்துக்கு மேல் இருக்கும். காட்டெருமை ஐந்து. இறங்கும்போது அந்தக் குடும்பத்தின் பெரியவர் கைப்பேசியில் யாரிடமோ, "ஒண்ணுமே இல்ல, காசு தண்டம்" என்றார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. 321 சதுர கிலோமீட்டர் காட்டுக்குள் வந்து, கண்ணெதிரே இவ்வளவையும் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை என்று ஒருவரால் திரும்பமுடிகிறதே.

காட்டில் மனிதர்கள் என்ன பார்க்கிறார்கள், மனிதர்கள் வந்தால் விலங்குகள் என்ன செய்கின்றன என்பதைத்தான் நாங்கள் இருவரும் குறித்துவைத்துக்கொண்டு வந்தோம். இது கதிரின் யோசனை. மாயாறு பக்கம் பேருந்து நிற்கும் இடத்தில் ஒரு திண்டில் உட்கார்ந்து, சாலைக்கு அந்தப் பக்கம் மேய்ந்த மான்களைப் பார்த்தோம். நோட்டில் இரண்டு கட்டம் போட்டான்: 'தலை தூக்கியது', 'தூக்கவில்லை'. முக்கால் மணி நேரம். கவனித்தது என்னவென்றால், ஓடிக்கொண்டே கடந்துபோகும் பேருந்துக்கும் லாரிக்கும் பெரும்பாலும் மான்கள் அசையவில்லை. வண்டி வேகம் குறைந்ததுமே முதல் தலை எழும். நின்றால் எல்லாத் தலையும். கதவு திறக்கும் சத்தம் கேட்டால் மெல்லுவது நின்றுவிடும். ஒரு பெண்மான் முன்காலால் தரையை உதைத்தது, வால் நிமிர்ந்து வெள்ளை அடிப்பாகம் தெரிந்தது, அவ்வளவுதான், கூட்டமே புதருக்குள். அவ்வளவு நேரத்தில் நின்ற வண்டிகளில் இரண்டுதான் எஞ்சினை அணைத்தன. அந்த இரண்டுக்கும் மான்கள் ஓடவில்லை, கொஞ்ச நேரத்தில் மறுபடி குனிந்து மேயத் தொடங்கின. ஓடும் ஒவ்வொரு தடவையும் மேய்ச்சல் நேரம் போகிறது. நாளுக்கு எத்தனை வண்டி இப்படி நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பக்கத்தில் ஒரு குரங்கு சிப்ஸ் பாக்கெட்டைத் தலைகீழாகத் திருப்பி, விரலை உள்ளே விட்டு மூலையில் ஒட்டியிருந்த மசாலாவை வழித்து நக்கிக்கொண்டிருந்தது. பாக்கெட்டை எறிந்த கார் இருபதடி தள்ளி நின்றிருந்தது. கதிர் போய், "அங்கிள், அதை எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டான். நல்லவேளை, அவர் எடுத்துக்கொண்டார்.

வாழைப்பழம் போட்டவர்கள் பாசமாகத்தான் போட்டிருப்பார்கள். அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. இலங்கையின் உடவளவை தேசியப் பூங்காவில் மின்வேலியோரம் வந்து நின்று சுற்றுலாப் பயணிகளிடம் தின்பண்டம் கேட்கும் யானைகளைப் பல ஆண்டுகள் பார்த்து, ஷெர்மின் டி சில்வாவும் உடன் ஆய்வாளர்களும் 2025-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அங்கே மட்டும் 66 ஆண் யானைகள் இப்படிப் பழகியிருக்கின்றன. அதே கட்டுரையில் நம் சீகூர்ப் பகுதியும் வருகிறது. அதாவது நான் ஜீப்பில் போன இதே சாலைகளின் சுற்றுவட்டாரம். இங்கே அப்படிப் பழகிய 11 ஆண் யானைகளில் 4 செத்துப்போயின, மனிதர்களால்தான் என்று கருதுகிறார்கள். படித்ததிலிருந்து அந்தக் கொம்பன் அந்தப் பதினொன்றில் ஒன்றாக இருக்குமோ என்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

வாழைத்தோட்டம் பக்கம் ரிவால்டோ என்று ஒரு யானை. மனிதர்கள் கொடுத்ததைத் தின்று பழகி, ஊரை விட்டுப் போகவே மாட்டேன் என்றிருந்தது. 2021-இல் அதைப் பிடித்துக் கூண்டில் வைத்திருந்து, ஆகஸ்டில் தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். விட்ட சூட்டோடு நடந்தே திரும்பி வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் பந்திப்பூரில், கேரட் தின்றுகொண்டிருந்த யானையோடு செல்ஃபி எடுக்கப் போனவர் மிதிபட்ட காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாம் பழக்கிவிட்டுப் போய்விடுகிறோம். அடுத்த நாள் காலையில் அதே யானை முன்னால் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோகிற பிள்ளை மாவனல்லாவிலோ வாழைத்தோட்டத்திலோ இருக்கிறது.

திங்கள் காலை ஊட்டி பேருந்துக்கு நேரம் இருந்தது. கையில் மீதி எழுநூற்றுச் சொச்சம். கதிர், "அத்தை, இன்னொரு தடவை வேன்ல போலாமா" என்றான். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சீட்டு வாங்கினோம். பனி இன்னும் கலையாத நேரம், வேனில் ஆறே பேர். டிரைவர் ஏறியதும், "பேசாம வந்தா பாக்கலாம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். ஒரு திருப்பத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்தார். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் புல்லுக்குள்ளிருந்து செந்நாய்கள், ஒன்று, இரண்டு, ஏழு. சாலையின் நடுவிலேயே படுத்துப் புரண்டன. ஒரு குட்டி இன்னொன்றின் கறுத்த வாலைக் கடித்து இழுத்தது. அவற்றின் கால் மண்ணில் சறுக்கும் ஓசைகூடக் கேட்டது. ஒருவரும் மூச்சுக்கூட விடவில்லை. கதிர் நோட்டைத் திறந்து, 'தூக்கவில்லை' கட்டத்தில் ஏழு கோடு போட்டான்.