வைஃபை டிரைவருக்கு மேக் முகவரி எங்கிருந்து கிடைக்கிறது? நேர்முகத்துக்குப் படிப்பவர்களுக்கு

எம்பெடட் லினக்ஸ் வேலைக்குத் தயாராகும் தம்பி தங்கைகள் பலர், மேக் முகவரி (நெட்வொர்க்கில் ஒரு கருவியின் அடையாள எண்) என்றால் 48 பிட், முதல் 3 பைட் தயாரிப்பாளருடையது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். டிரைவருக்கு அது எங்கிருந்து வருகிறது என்பதையும் படியுங்கள். கேள்விகள் அங்கேதான் வரும்.

மன்னார்குடி பக்கம் வாய்க்கால் மடைகளில் நீர்மட்டம் பார்க்கும் புராஜெக்ட் எங்களுடையது. எந்தப் போர்டு எந்த மடையில் இருக்கிறது என்பதை ரவுட்டரில் மேக் முகவரியை வைத்துத்தான் குறித்திருந்தோம். கரண்ட் போய் வந்தால் ஒரு போர்டு மட்டும் புது முகவரியோடு வந்து நிற்கும். அதனால்தான் டிரைவர் கோடைத் திறந்தேன்.

மீடியாடெக் சிப்புகளுக்கான எம்டி76 டிரைவரில் தொடங்குங்கள். முதலில் ஈப்ராம் தரவில் (சிப்புக்கென்று சேமித்து வைத்த அமைப்புத் தரவு) உள்ள முகவரியை எடுக்கும். பல ரவுட்டர் போர்டுகளில் இந்தத் தரவு ஃபிளாஷின் 'ஃபேக்டரி' பகுதியில் இருக்கும். அப்புறம் டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் விவரப் பட்டியல்) 'மேக்-அட்ரஸ்', 'லோக்கல்-மேக்-அட்ரஸ்', 'அட்ரஸ்' என்று வரிசையாகத் தேடும். இல்லையென்றால் என்விமெம் செல், அதாவது கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில் டிவைஸ் ட்ரீ சுட்டும் இடம். இவற்றில் எங்கே கிடைத்தாலும் ஈப்ராம் முகவரிக்குப் பதில் அதுதான். கடைசியில் ஒரு சோதனை: எல்லாம் பூஜ்யமாகவோ மல்டிகாஸ்ட்டாகவோ (ஒரு கருவிக்கு அல்ல, ஒரு குழுவுக்கான முகவரி) இருந்தால் செல்லாது. அப்போதும் டிரைவர் நிற்காது. ராண்டமாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு, கர்னல் லாகில் அதை ஒரு வரியில் சொல்லிவிடும்.

எங்கள் போர்டில் முகவரிக்குரிய 6 பைட்டும் எஃப்எஃப், அதாவது எல்லா பிட்டும் 1. எழுதப்படாத ஃபிளாஷ் அப்படித்தான் இருக்கும். முதல் பைட்டின் கடைசி பிட் 1 என்பதால் அது மல்டிகாஸ்ட் கணக்கில் போய்விடும். போர்டில் ஒட்டியிருந்த முகவரியை டிவைஸ் ட்ரீயில் போட்டதும் சரியாகிவிட்டது. இன்னொரு போர்டின் ஃபேக்டரி பகுதியைக் காப்பி செய்யச் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம்: இரண்டு போர்டுக்கும் ஒரே முகவரி வரும், ரேடியோ அளவீட்டுத் தரவும் வேறு சிப்புக்கு உரியது.

ராண்டம் முகவரியைப் பார்த்தே சந்தேகப்படலாம். இரண்டாவது ஹெக்ஸ் இலக்கம் 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருக்கும். இன்றைய ஃபோன்களும் வைஃபையில் இப்படி முகவரி காட்டுவதுண்டு. அதில் பழுது எதுவும் இல்லை.

நேர்முகத்தில் என்னிடம் கேட்டது: என்விமெம் டிரைவர் இன்னும் தயாராகவில்லை என்றால்? அப்போது ராண்டமுக்குப் போகக்கூடாது. 'புரோப் டிஃபர்' பிழையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கர்னல் பிறகு மறுபடி முயலும்.