குடம்புளியின் தங்கச்சி

பிலிப்பைன்ஸில் இருக்கும் இலோயிலோவுக்குக் குடிவந்த முதல் மூன்று மாதம் நான் வைத்த மீன் குழம்பு ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. நாகர்கோவிலிலிருந்து கட்டிக்கொண்டு வந்த குடம்புளி தீர்ந்துபோயிருந்தது. இங்கே கிடைப்பது நம்ம சாதாரணப் புளியேதான். ஆனால் எங்கள் வீட்டில் தேங்காய் அரைத்த மீன் குழம்புக்குக் குடம்புளி மட்டும்தான். மற்ற புளி போட்டால் அம்மா தட்டைத் தள்ளி வைத்துவிடுவாள். அந்த நாக்கு எனக்கும் வந்திருக்கிறது.

ஒரு சனிக்கிழமை லா பாஸ் சந்தைக்குப் போனேன். ஊரே அங்கே பாச்சோய் குடிக்கப் போகும். பன்றி ஈரலும் குடலும் போட்ட நூடுல்ஸ் சூப் அது. நான் பன்றி சாப்பிடுவதில்லை, அதனால் அதைப் பற்றி எனக்குக் கருத்து கிடையாது. 2023-இல் யுனெஸ்கோ இந்த ஊரை உணவுக்கலைக்கான படைப்பாக்க நகரம் என்று அறிவித்தது. பிலிப்பைன்ஸில் அந்தப் பெயர் வாங்கிய முதல் ஊர் இதுதான். அறிவிப்புக்குப் பிறகும் சந்தையில் தரை ஈரமாகத்தான் இருக்கிறது.

காய்கறி விற்கும் மானாங் ஒருவர் முன்னால் பச்சை நிறத்தில் உருண்டைக் காய்கள் குவிந்திருந்தன. எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிது. மானாங் என்றால் அக்கா. நான் ஒன்றைக் கையில் எடுத்ததுமே அவர், "அஸ்லோம், இண்டாய், அஸ்லோம்!" என்று கண்ணை இறுக்கிக் காட்டினார். ஹிலிகாய்னோன் மொழியில் அஸ்லோம் என்றால் புளிப்பு. இண்டாய் என்று இளம்பெண்களைக் கூப்பிடுவார்கள். முப்பத்தெட்டு வயதில் என்னையும் அப்படிக் கூப்பிட்டார் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

கடித்தேன். முதலில் பல் கூசியது. அப்புறம் நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு துவர்ப்பு வந்து நின்றது. புகை வாசனைதான் இல்லை, மற்றபடி அது எனக்குத் தெரிந்த புளிப்புதான். அங்கேயே நின்று அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, காயை அறுத்து உள்ளே காட்டினேன்.

"இது நம்ம கொடம்புளிக்க தங்கச்சியாக்கும் மக்கா" என்றாள்.

அம்மா தாவரவியல் படித்தவள் இல்லை. ஆனால் சொன்னது சரி. இந்தக் காய்க்குப் பெயர் பட்வான். குடம்புளியும் பட்வானும் மங்குஸ்தானும் ஒரே கார்சீனியா வகை மரங்கள். நாம் குடம்புளியைக் காயவைத்துப் புகைபோட்டுக் கறுப்பாக்கி வைத்துக்கொள்கிறோம். இங்கே பச்சைக் காயை முழுசாகக் குழம்பில் போட்டு, வெந்ததும் கரண்டியால் மசித்துவிடுகிறார்கள். இலோயிலோ இருக்கும் பனாய் தீவிலும் பக்கத்துத் தீவான நேக்ரோஸிலும்தான் இதற்கு மவுசு. மணிலாவிலிருந்து மாற்றலாகி வந்த என் சக ஊழியருக்கு இப்படி ஒரு காய் இருப்பதே தெரியவில்லை.

பட்வானோடு வீட்டுக்கு வந்த என்னை வீட்டுக்கார நானாய் விடவில்லை. நானாய் என்றால் அம்மா. ஊரில் எல்லாருக்கும் அவர் நானாய்தான். "இதை வைத்துக் கேபிஎல் செய்யணும்" என்றார். கட்யோஸ், பாபோய், லங்கா என்ற மூன்றின் முதலெழுத்து அது. கட்யோஸ் நம்ம துவரை. லங்கா பலாக்காய். நடுவில் இருக்கும் பாபோய்தான் பன்றி. நான் தயங்கியதைப் பார்த்து, "சரி, அப்போ கேஎம்யு" என்றார். கட்யோஸ், மனோக் என்கிற கோழி, ஊபாட். ஊபாட் என்னவென்று கேட்டதற்குக் கொல்லைக்குக் கூட்டிப்போய் வெட்டிப் போட்டிருந்த வாழை மரத்தைக் காட்டினார். வாழைத்தண்டு!

அரிவாள்மணை இல்லை, கத்திதான். அவர் வில்லை வில்லையாக அரிய, நான் ஒவ்வொரு வில்லைக்கும் வரும் நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுத்தேன். கை பாட்டுக்குச் செய்தது. நானாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் விரலையே பார்த்தார்.

"இது யார் சொல்லிக்கொடுத்தது?"

"எங்க பாட்டி."

"உங்க ஊரிலும் வாழை இருக்கா?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? நாஞ்சில் நாட்டுக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது!

தண்டை உப்புப் போட்டுப் பிசைந்து பிழிந்தார். இங்கே துவரையை உடைத்துப் பருப்பாக்குவதில்லை, ஊதா கலந்த கறுப்புத் தோலோடு முழுசாகவே வேகும். அதோடு கோழி, முடிச்சுப் போட்ட எலுமிச்சைப்புல், கடைசியில் பட்வான். வெந்து முடித்தபோது குழம்பு கறுத்த ஊதாவில் இருந்தது. பார்க்க நன்றாக இல்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மிளகாய் கிடையாது, மஞ்சள் கிடையாது, தாளிப்பு கிடையாது. ஆனால் வெறும் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டபோது இரண்டாவது முறை சோறு கேட்டேன்.

மே மாதம் மாம்பழத்துக்காகக் கிமாராஸ் தீவுக்குப் போனோம். பரோலா படகுத்துறையிலிருந்து கால் மணி நேரம்தான். உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய மாங்காய்த் துண்டுகளை டப்பாவில் எடுத்துப்போயிருந்தேன். வெளியூர் மாம்பழமோ மாங்காயோ அந்தத் தீவுக்குள் போகக் கூடாது என்பது படகுத்துறைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. உள்ளே துளைத்துக் கொட்டையிலும் சதையிலும் குடியிருக்கும் வண்டு தீவுக்கு வந்துவிடக் கூடாது என்று அத்தனை கட்டுப்பாடு. அது இல்லாத இடம் என்பதால்தான் அந்த மாம்பழத்துக்கு வெளிநாட்டில் சந்தை. படகு கிளம்பும் முன் முழு டப்பாவையும் நின்றுகொண்டே தின்று தீர்த்தேன். வயிறு சாயங்காலம் வரை பேசியது.

பழத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இனிப்பு, நாரே கிடையாது, கொட்டை தட்டையாகப் புளியம்பழம் மாதிரி ஒல்லி. அதோடு ஈபோஸ் கொடுத்தார்கள். தேங்காய்ப்பாலில் வெந்த ஒட்டரிசியைக் குருத்தோலையில் சுற்றி அவிப்பது. ஓலையைப் பிரித்ததும் வந்த வாசனை அப்படியே எங்கள் கார்த்திகை ஓலைக்கொழுக்கட்டை. ஆனால் உள்ளே பயறும் இல்லை, கருப்பட்டியும் இல்லை. இனிப்புக்குச் சர்க்கரையைத் தொட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

போன வாரம் ஒருவழியாக மீன் குழம்பு வந்தது. பாங்குஸ் மீன், மண்சட்டி இல்லாததால் அலுமினியப் பாத்திரம், வறுக்காத தேங்காய் அரைப்பு, நான்கு பட்வான். மறுநாள் காலை இன்னும் நன்றாக இருந்தது. நானாய்க்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு வாய் சாப்பிட்டார். "நமித்" என்றார், அதாவது ருசி. எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த நொடி மேஜையில் இருந்த சினமாக் பாட்டிலை எடுத்தார். மிளகாய், பூண்டு, இஞ்சி, மிளகு எல்லாம் ஊறும் காடி அது. என் மூன்று மாதத் தேடலின் மேல் தாராளமாக ஊற்றிக் கலக்கி, இன்னொரு வாய் எடுத்தார்.

"இப்போதான் புளிக்குது" என்றார்.