ஸாம்ராக் தட்டு ஒன்றை மறுபடி அச்சிட்ட கதை

பழைய ஆப்பிரிக்க ராக் தட்டை மறுஅச்சு போடுகிறோம் என்று சொன்னால், "மாஸ்டர் டேப் (ஸ்டுடியோவில் பதிவான மூல நாடா) எங்கே கிடைத்தது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கிடைக்கவில்லை. நாங்கள் எடுத்துக்கொண்ட ஸாம்பியக் குழுவுக்கு மிஞ்சியவை, யார் யார் வீட்டிலோ தேயத் தேய ஓடிய எல்.பி. தட்டுகள்தான். குழுவின் பெயரை வெளியில் பேசவேண்டாம் என்று ஒரு குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் இங்கே சொல்லவில்லை.

ஸாம்ராக், அதாவது எழுபதுகளின் ஸாம்பிய ராக் இசை, தெரியாதவர்களுக்கு: ஸாம்பியா 1964இல் விடுதலை பெற்றது. செம்புச் சுரங்கங்களால் நகரங்களில் பணம் புழங்கியது. வானொலியில் 95 சதவீதம் உள்நாட்டு இசைதான் ஒலிக்கவேண்டும் என்றார் அதிபர் கென்னத் கவுண்டா. ஹெண்ட்ரிக்ஸையும் ரோலிங் ஸ்டோன்ஸையும் கேட்டு வளர்ந்த பையன்கள் ஆங்கிலத்திலும், உள்ளூர் மொழிகளான பெம்பாவிலும் நியாஞ்சாவிலும் பாடி, ஒலியைக் கரகரவென்று சிதைக்கும் ஃபஸ் கிதாரை அலறவிட்டார்கள். விட்ச், அமனாஸ், முசி-ஓ-துன்யா, ங்கோஸி ஃபேமிலி குழுக்கள் எல்லாம் அந்தக் காலத்தவை. எழுபதுகளின் நடுவில் செம்பு விலை சரிந்தது. பிறகு எய்ட்ஸ் வந்து ஒரு தலைமுறையையே வாரிக்கொண்டு போனது. விட்ச் குழுவின் முதல் அணியில் இன்று இருப்பவர் பாடகர் ஜகாரி சாண்டா ஒருவர்தான்.

எங்களுக்கும் அதே சிக்கல். எங்கள் குழுவின் பாடகர் ஸாம்பியாவின் கிட்வே நகரில் இருக்கிறார், மற்றவர்கள் உயிரோடு இல்லை. யாரிடம் கையெழுத்து வாங்குவது? ஐரோப்பாவில் ஒருவர் "உரிமை என்னிடம் இருக்கிறது, விற்கிறேன்" என்று முன்வந்தார். காகிதம் கேட்டதும் பதில் நின்றுபோனது. இப்படி வாங்கி அச்சிட்டு, இசைக்கலைஞர் வீட்டுக்குச் சல்லிக்காசு போகாத தட்டுகள் சந்தையில் உண்டு. மூலத்தட்டு ஒன்று ஆயிரம் டாலரைத் தாண்டி விற்கும்போது யாருக்கும் கை அரிக்கத்தானே செய்யும்.

ஸாம்பியாவில் உயில் எழுதாமல் இறந்தவர் சொத்துக்கு 1989ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பாதி, துணைக்கு 20 சதவீதம், பெற்றோருக்கு 20, அவரை நம்பி வாழ்ந்தவர்களுக்கு 10. இதைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் ஒரு நிர்வாகியை நியமிக்கும். டிரம்மரின் மகள் அந்தப் பொறுப்பை ஏற்று உத்தரவு வாங்கும்வரை ஸ்டுடியோவில் எதையும் தொடவில்லை. முன்பணம் மொபைல் மணியில் போனது. அலுப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாதவர் மறுவெளியீடு என்ற சொல்லை எடுக்கக்கூடாது என்பது என் கட்சி.

என் வேலை ஒலி. பல வருடம் கனத்த ஊசி ஓடிய பள்ளத்தில் தேய்மானம் அந்த ஊசி தொட்ட இடத்தில்தான் அதிகம். வேறு வடிவ ஊசி போட்டால் பள்ளச் சுவரில் தேயாத பகுதியைத் தொடலாம். அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு தட்டில் கீறலான இடத்தை இன்னொரு தட்டிலிருந்து வெட்டி ஒட்டினேன். பிறகுதான் உண்மையான தொல்லை. 'டிக் டிக்' சத்தத்தை நீக்கும் மென்பொருளுக்கு ஃபஸ் கிதாரும் கீறலும் ஒன்றுதான். இரண்டுமே கூர்மையாக எகிறும் அலை. தானாக ஓடவிட்டால் கிதாரின் பல்லைப் பிடுங்கிவிடும். அதனால் பாட்டு ஆரம்பிக்குமுன் வரும் அமைதியில் மட்டும் அதை ஓடவிட்டு, மற்ற இடங்களில் ஒவ்வொரு கீறலாகக் கையால் எடுத்தேன். அடியில் ஓடும் இரைச்சலை அப்படியே விட்டேன். அதை வழித்தால் சிம்பலைத் தட்டியபின் தேய்ந்து மறையும் ஒலியின் வால் போய்விடும்.

பாடகருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "நாங்கள் இவ்வளவு மெதுவாக வாசித்ததில்லை" என்றார். தட்டில் கிதாரின் சுருதி 'ஈ' ஸ்வரத்துக்கும், அதற்கு அரைப்படி கீழே உள்ள 'ஈ ஃபிளாட்'டுக்கும் நடுவில் தொங்கியது. மேடையில் 'ஈ'யில்தான் சுருதி சேர்ப்போம் என்று கிதாரை எடுத்துக் காட்டினார். அந்தக் காலத்தில் எந்த இயந்திரமோ சற்று வேகம் பிசகி ஓடியிருக்கிறது. வேகத்தை ஏற்றியதும் பாட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது.

அச்சு வேலையை நீட்ட ஒன்றுமில்லை. டி.எம்.எம். (டைரக்ட் மெட்டல் மாஸ்டரிங்) முறையில், வழக்கமான மெழுகுபோன்ற பூச்சுள்ள லாக்கர் தட்டுக்குப் பதில் செம்பு பூசிய தட்டிலேயே பள்ளத்தை நேராக வெட்டினோம். செம்பு விலையோடு எழுந்து அதோடு விழுந்த இசை மறுபடி செம்பில் ஏறியது எனக்குப் பிடித்திருந்தது. தட்டின் நடுவை நெருங்க நெருங்க ஒரு சுற்றின் நீளம் குறைவதால் கூர்மையான ஒலிகள் சிதையும். எங்கள் குழுவோ இருப்பதிலேயே உரத்த பாட்டைக் கடைசியில் வைத்திருந்தது. அச்சு வேலை செய்தவர்கள் பாட்டு வரிசையை மாற்றச் சொன்னார்கள், மறுத்துவிட்டோம். அந்தப் பக்கத்தின் ஒலியளவை மட்டும் கொஞ்சம் இறக்கினோம்.

சோதனை அச்சைக் கேட்கப் பாடகரிடம் பிளேயர் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன்களுக்கும் சேர்த்து பென் டிரைவ் கேட்டார், அனுப்பினோம். டிரம்மரின் மகள் கேட்டது வேறு. மூல அட்டையில் அவர் அப்பா பெயர் எழுத்துப்பிழையோடு அச்சாகியிருந்தது. அட்டை அச்சு அசல் பழையபடியே இருக்கவேண்டும் என்று சேகரிப்பாளர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், பெயரைத் திருத்தித்தான் போட்டோம்.