தீப்பட்ட பைபர் படகு: கருத்த இடத்தோடு சேதம் நிற்காது

பங்குனி, சித்திரையில் மேட்டூர் அணைத் தண்ணீர் இறங்கிவிட்டால் நாகமரை, ஒட்டனூர் கரைகளில் புல் காய்ந்து கிடக்கும். கவிழ்த்து வைத்த பைபர் படகை அந்தப் புல்லில் பற்றும் தீ விளிம்பிலிருந்து தின்று விடும். அணைத்த பிறகு, கருத்த இடத்தை மட்டும் வெட்டி மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டுகிறார்கள். அடுத்த தண்ணீரிலேயே ஒட்டுப் பக்கத்தில் விரிசல் விடும்.

காரணம் ரெசின், அதாவது இழையைப் பிடித்து இறுகும் பிசின். சாதாரண பாலியஸ்டர் ரெசின் 100 டிகிரிக்குள்ளேயே இளகும். 300 டிகிரியை ஒட்டிச் சிதையத் தொடங்கும். கண்ணாடி இழைக்கோ 800 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் மேட் முழுசாகத் தெரியும், அதைப் பிடித்திருந்த ரெசின் போயிருக்கும். வெள்ளை வெளேரென்று உலர்ந்த இழை தெரிந்தால் அந்த இடத்தில் பலமே இல்லை. அதைச் சுற்றிய பழுப்பு வளையம்தான் ஏமாற்றும்.

முதலில் சோப்புத் தண்ணீரால் கரியைக் கழுவுங்கள். நேரே அசிட்டோன் போட்டால் கரி இழைக்குள் இறங்கிவிடும், புது ரெசின் ஒட்டாது. தீயணைப்புப் பொடி அடித்திருந்தால் நன்றாக அலசுங்கள். ஈரம் பட்டால் அது போல்ட், கிளாம்புகளை அரிக்கும். எரிந்த இழைத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் கிரைண்டரைத் தொடக் கூடாது.

பிறகு, சேதம் எதுவரை என்று அறிய நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கருப்பிலிருந்து தொடங்காமல், நல்ல பக்கத்திலிருந்து இரண்டு விரல் இடைவெளியில் உள்ளே வர வேண்டும். நல்ல ஓசை காதில் பதிந்தால்தான் மந்த ஓசை பிடிபடும். மாறும் இடத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். படகின் உள்பக்கமும் இதே வேலைதான். அங்கே கோடு வெளியே இருப்பதைவிட அகலமாக வருவதுண்டு.

பார்கால் கடினமானி (ரெசினின் இறுக்கத்தை அளக்கும் கருவி) கிடைத்தால், மேல்பூச்சான ஜெல்கோட்டைச் சுரண்டிவிட்டு வைத்துப் பாருங்கள். நன்கு இறுகிய பாலியஸ்டர் 35 முதல் 45 வரை காட்டும். உங்கள் படகின் சேதமில்லாத பக்கத்தில் பத்து இடம் எடுத்த சராசரிதான் அளவுகோல். லேசான சூடு பட்ட ரெசின் கூடுதலாக இறுகி எண் ஏறவும் செய்யும், அது சேதமல்ல. எண் இறங்கினால்தான் சேதம்.

சந்தேகம் தீராவிட்டால் சாக்பீஸ் கோட்டை ஒட்டி 25 மில்லிமீட்டர் ஹோல்சாவால் (வட்டமாக வெட்டும் ரம்பம்) ஒரு வில்லை எடுங்கள். அடுக்குக்கு நடுவே கத்தி முனை நுழைந்தால் கோடு இன்னும் வெளியே போக வேண்டும். பின்பலகையிலும் விலாக்கட்டைகளிலும் 3 மில்லிமீட்டர் துளை போட்டு மரத்தூளைப் பாருங்கள்: வெளிறி, உலர்ந்திருந்தால் நல்லது, கருத்தோ ஈரமாகவோ வந்தால் உள்ளே திறக்க வேண்டும். மிதவை அறையின் தாழ்ந்த முனையிலும் ஒரு துளை போடுங்கள். அணைக்க ஊற்றிய தண்ணீர் நுரைக்குள் தங்கியிருக்கும்.

வடிவத்தையும் மறக்க வேண்டாம். மெல்லிய மரச்சட்டத்தை வளைத்து இரு பக்கமும் ஒப்பிடுங்கள். இளகித் தொய்ந்து அப்படியே ஆறிய ஓட்டின் மேல் மேட் போட்டால் அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிடும்.

வெட்டிய ஓரத்தைத் தடிமனைப் போல 12 மடங்கு சரிக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் ஓட்டுக்கு 72 மில்லிமீட்டர்; 30 சென்டிமீட்டர் அகலத் துளை, மேலடுக்கில் 44 சென்டிமீட்டருக்கு மேல் விரியும். 450 கிராம் மேட் ஓரடுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தரும். ஒரு சதுர மீட்டருக்கு ஆறடுக்கு என்றால் 2.7 கிலோ மேட், அதற்கு இரண்டரை மடங்காக 6.75 கிலோ ரெசின். சாக்பீஸ் கோடு முடிவான பிறகு இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுச் சாமான் வாங்குங்கள்.