மருந்து வாங்கப் போனவன்

வட கொரியாவிலிருந்து தப்பி வருபவர்களைப் பற்றிய படங்களில் நான் தயங்காமல் பரிந்துரைப்பது, கிம் தே-கியூன் இயக்கத்தில் 2008-இல் வெளிவந்த ‘கிராஸிங்’ என்னும் தென் கொரியப் படத்தைத்தான். அதன் நாயகன் அரசை எதிர்த்தவன் அல்லன். ஒரு காலத்தில் கால்பந்து ஆடி, இப்போது நிலக்கரிச் சுரங்கத்தில் உழைப்பவன். கருவுற்றிருக்கும் மனைவிக்குக் காசநோய். ஊரில் மருந்து கிடைக்கவில்லை. வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று நம்பி, மகனிடம் வீட்டை ஒப்படைத்துவிட்டு, சீன எல்லையைத் திருட்டுத்தனமாகக் கடக்கிறான்.

சீன அரசு இப்படி வருபவர்களை அகதிகளாக ஏற்பதில்லை. சட்டவிரோதமாக நுழைந்தவர்கள் என்று பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. திரும்பியவருக்கு வட கொரியாவில் காத்திருப்பது சிறையோ உழைப்பு முகாமோதான். ஆகவே மாத்திரைக்காகப் போனவனும் துரோகிதான். அவன் வீடு திரும்பும் வழி அடைபட்டு, விரும்பாமலேயே தென் கொரியத் தலைநகர் சியோல் வரை தள்ளப்படுகிறான். அங்கே மருந்துக்கடையில் விசாரிக்கும்போது, காசநோய் மருந்து அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும் என்று சொல்கிறார்கள். துப்பாக்கியும் முள்வேலியும் காட்டும் எத்தனையோ காட்சிகளைவிட இந்தக் கடைக் காட்சி என்னை அதிகம் உலுக்கியது. பிற்பாதியில் பின்னணி இசை நம்மை அழவைத்தே தீருவது என்று பிடிவாதம் பிடிப்பதுதான் குறை.

கடைக்குப் போவதே குற்றமாகும் இதே நிலையை, கிழக்கு ஜெர்மனியைப் பற்றிய ‘பலூன்’ (2018) படத்திலும் காணலாம். 1979 செப்டம்பரில் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த 8 பேர், தாங்களே தைத்த வெப்பக்காற்றுப் பலூனில் மேற்கு ஜெர்மனிக்குப் பறந்து தப்பிய உண்மைக் கதை அது. ஒரே கடையில் அவ்வளவு துணி வாங்கினால் ரகசியப் போலீசான ஸ்டாசியின் காதுக்கு எட்டிவிடும் என்பதால், ஊர் ஊராகப் போய்ச் சிறிது சிறிதாக வாங்குகிறார்கள். துணியை அளந்து வெட்டும் கடைக்காரரின் ஒவ்வொரு கேள்விக்கும் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. முடிவு தெரிந்திருந்தும் பதற்றம் குறையாதபடி மைக்கேல் ஹெர்பிக் எடுத்திருக்கிறார்.

இரண்டையும் பார்க்க நினைப்பவர்கள் ‘பலூன்’ படத்திலிருந்து தொடங்குவதே நல்லது. ‘கிராஸிங்’ பார்த்த அன்று வேறு எந்தப் படத்தையும் பார்க்க மனம் வராது. அதுவும் மகன் தந்தையைத் தேடி மங்கோலியப் பாலைவனத்துக்குள் நுழைந்த பிறகு.